கீழ்த்துண்டில் கட்டிய பச்சைப் பை

மாதூபேயைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அவள் சிரிப்பில்தான் தொடங்குவார்கள். அவள் சிரித்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேய்கிற மாடு தலை தூக்கிப் பார்க்கும் என்பார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் நான் அடுத்த வீட்டுக்காரி, இருபத்திரண்டு வருடம் அந்தச் சிரிப்பைக் கேட்டவள். அதை நிறுத்தியவளும் நான்தான். அதனால் அவள் கதையை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் மரியாதைக்காக என்னை விட்டுவிட்டுச் சொல்வார்கள். அந்த மரியாதை எனக்கு வேண்டாம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் தோலாகெலே. கல்யாணம் ஆகிவிட்டால் எங்கள் பக்கம் அந்தப் பெயரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பிறந்தது தூபே வீட்டில், அதனால் மாதூபே. நான் பிறந்தது சிதோலே வீட்டில், மாசிதோலே. தென்னாப்பிரிக்காவில், ஹ்லபீசா ஊருக்கு வடக்கே இந்தக் குன்றில் பேக்கிக்கு வாழ்க்கைப்பட்டு அவள் வந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

புது மருமகள் தலை நிமிரக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது. அவள் வந்த மூன்றாம் வாரம் அவர்கள் சோளக்காட்டில் கூட்டாகக் களை வெட்டினோம். வீட்டுக்காரர்கள் பீர் காய்ச்சி வைப்பார்கள். ஊர்ப் பெண்கள் களைக்கொத்தோடு போய் வரிசை பிடிப்போம். மாதூபே குனிந்த தலை நிமிராமல் போனாள். நாங்கள் பாதி வரிசையில் இருக்கும்போது அவள் மறுகரையில் நின்று கொத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது, பேய் மாதிரி வெட்டுறா?" என்றாள் ஒருத்தி.

"புது மருமக தலைய நிமிர்த்தக் கூடாதுன்னு சொன்னீங்கள்ல அக்கா? குனிஞ்சே இருந்தா களை மட்டுந்தானே கண்ணுக்குத் தெரியுது," என்றாள் மாதூபே. சொல்லிவிட்டு அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். மாமியார் முன்னால் புது மருமகள் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. மாமியாரும் சிரித்துவிட்டாள்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. தண்டுக்கீரைச் செடி வந்தால் கொத்து நின்றுவிடும். கிள்ளி மடியில் போட்டுக்கொள்வாள். பூசணிக்கொடி வந்தால் நுனியைக் கிள்ளிக்கொண்டு கொடியை விட்டுவிடுவாள். சாயங்காலம் சோளக்களியோடு அந்தக் கீரையைக் கடைந்து வைப்பாள். "இதுக்குக் களைன்னு எவடி பேர் வச்சா? பசியில்லாதவ வச்ச பேரு," என்பாள்.

பிறகு மருந்து தாங்கும் சோளம் வந்தது. நட்டு நாலைந்து வாரத்தில் மேலே களைக்கொல்லி அடித்தால் புல்லும் பூண்டும் சாகும், சோளம் மட்டும் ஒன்றும் ஆகாமல் நிற்கும். முதலில் யாரும் நம்பவில்லை. விதைக்காரர்கள் வந்து பயிற்சி கொடுத்தபோது ஆண்கள் மரத்தடியில் உட்கார்ந்து தலையாட்டினார்கள். நான் போய் மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டிப் பார்த்தேன். அன்றிலிருந்து இந்தக் குன்றுக்கு மருந்து அடிப்பவள் நான்தான். கலங்கல் தண்ணீரில் கலந்தால் மருந்து செத்துவிடும், அதனால் ஊற்றுத் தண்ணீரையும் துணியில் வடிகட்டித்தான் ஊற்றுவேன். பனி உலர்ந்த பிறகு, காற்று எழுவதற்கு முன்னால் அடிப்பேன். மழை மேகம் இருந்தால் தொட்டியைத் தொடமாட்டேன்.

அந்த மருந்தை இன்றும் நான் திட்டமாட்டேன். பதினைந்து நாள் வளைந்து வெட்டிய காட்டை ஒரு காலையில் முடித்துவிட்டு, பகலில் நிமிர்ந்து உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறோம். முதுகு வலி தெரியாதவர்கள்தான் கொத்துக்காலம் பொற்காலம் என்று பேசுவார்கள்.

மாதூபே மட்டும் மாறவில்லை. கூரையில் அடுப்புப் புகைக்கு மேலே தொங்குகிற தன் பழைய வெள்ளைச் சோளத்தையே நட்டாள். நான் தொட்டியோடு போவதைப் பார்த்தால் வாசலில் நின்று கத்துவாள்.

"மாசிதோலே! முதுகுல கட்டியிருக்கிற பிள்ளைக்குப் பால் குடுத்தியாடி? அழுவுது பாரு, மூத்திரம் போகுது பாரு!"

"உன் காட்டுக்கும் ஒரு தடவ தூக்கிட்டு வரவா?"

"வந்தா ஒங்காலை ஒடிப்பேன். கீரை செத்தா நீயா எனக்குக் கொழம்பு வப்ப?"

இப்படி ஒரே குன்றில் புது விதையும் பழைய விதையும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. முளைத்த பிறகு பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பழைய விதையில் மருந்து பட்டால் போச்சு. அதற்காக ஊரில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். புது விதை வருகிற பச்சைப் பையைக் காலியானதும் ஒரு கம்பில் கட்டிக் காட்டின் தலைமாட்டில் நட்டுவிட வேண்டும். பை இருந்தால் அடி, இல்லாவிட்டால் கிட்டே போகாதே. ஐந்து வருடம் ஒரு தவறு நடக்கவில்லை. அந்த ஐந்து வருடம்தான் என் கண்ணை மறைத்தது.

அந்த வருடம் ஜூன் மாதக் குளிரில் பேக்கி செத்துப்போனான். கரும்புத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவன். நெஞ்சு வலி என்று படுத்தான், விடியும்போது இல்லை. ஒரே மகள் டர்பனிலிருந்து வந்தாள், அடக்கம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டாள். மாதூபே கருப்பு உடுத்தாள்.

கருப்பு உடுத்தால் ஒரு வருடம் துக்கம். சத்தமாகப் பேசக் கூடாது. பாதையின் ஓரமாகத்தான் நடக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் வீடு சேர வேண்டும். மாட்டுப்பட்டிக்குள் போகக் கூடாது, பயிர் நிற்கிற பிறத்தியார் காட்டில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் சாவின் நிழல் பயிரில் விழுந்து கருகிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. நானும் நம்பினேன். இப்போதும் முழுசாக நம்பவில்லை என்று சத்தியம் பண்ணமாட்டேன்.

நவம்பரில் எல்லோரும் நட்டோம். மாதூபேயின் காட்டை ஒட்டி அவள் கொழுந்தன் டூமிசானிக்கு இரண்டு துண்டு நிலம், மேல்துண்டும் கீழ்த்துண்டும். அவன் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன், மாசக்கடைசியில்தான் வருவான். அவன் மனைவி மாஸுலு மருத்துவ நிலையத்தில் துப்புரவு வேலை. காலையில் போனால் மாலைதான் வீடு. டிசம்பர் தொடக்கத்தில் டூமிசானி என்னைக் கூப்பிட்டு, "மேல்துண்டுக்கு மட்டும் மருந்து அடிச்சிடு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

மட்டும் என்று சொன்னான். அது என் காதில் விழுந்தது. அதற்கு நான் கொடுத்த அர்த்தம் வேறு: வாங்கி வைத்த மருந்து அவ்வளவுதான் போலிருக்கிறது, மனுஷன் சிக்கனம் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு முந்தின நாள் பெரிய காற்று. நான் போனபோது மேல்துண்டின் கம்பில் பை இருந்தது. அடித்தேன். முடித்தபோது தொட்டியில் கால்வாசி மிச்சம். திரும்பி நடக்கையில் கீழ்த்துண்டின் வேலியில் இன்னொரு பச்சைப் பை சிக்கிப் படபடத்துக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ காற்று கொண்டுவந்த பை. யாருடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும். நான் என்ன நினைத்தேன்? காற்றில் கம்பு சாய்ந்து பை வேலிக்கு வந்துவிட்டது, இதுவும் புது விதைதான் என்று நினைத்தேன். கீழே கிடந்த ஒரு குச்சியை நானே நட்டு, அந்தப் பையை நானே கட்டினேன். ஐந்து வருட அனுபவக்காரி அல்லவா, யாரைக் கேட்க வேண்டும் எனக்கு? என்னிடமிருந்த மருந்தில் இன்னொரு தொட்டி கலந்து கீழ்த்துண்டுக்கும் அடித்தேன். டூமிசானிக்கு இனாமாக ஒரு உதவி என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பகலில் யாருடைய மாடுகளோ ஆறு, வேலியை முறித்துக்கொண்டு அதே கீழ்த்துண்டில் இறங்கின. மாஸுலு வேலையில் இருந்தாள். நான் குன்றுக்கு அந்தப் பக்கம் மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். மாதூபே தன் முற்றத்திலிருந்து பார்த்தாள். கத்தக் கூடாது, கையைத் தட்டினாள். கல் எடுத்து எறிந்தாள். மாடுகள் அசையவில்லை. கொழுந்தன் வீட்டு வருடச் சாப்பாடு கண்ணெதிரே மாட்டு வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. வரப்பில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறாள். பிறகு கருப்புப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டாள். ஆறு மாட்டையும் விரட்டி, வேலியைச் சேர்த்துக் கட்டிவிட்டு வந்தாள். சாலையில் போன இரண்டு பெண்கள் பார்த்தார்கள்.

மறைக்கவும் இல்லை அவள். மாலையில் மாஸுலு வந்ததும் தானே போய்ச் சொன்னாள். "தப்புதான் மாஸுலு. மாடு எறங்கிடுச்சு, எனக்கு மனசு கேக்கல. காலை வச்சுட்டேன்."

"நல்ல வேளை அக்கா, நீங்க இல்லன்னா எங்களுக்குக் களிக்கு வழி ஏது?" என்று மாஸுலு கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

அதற்கு இரண்டு நாள் கழித்துக் கீழ்த்துண்டில் குருத்து மஞ்சளானது. ஒரு வாரத்தில் இலையில் ஊதா ஓடியது. பத்தாம் நாள் துண்டு முழுவதும் பழுப்பு. பக்கத்திலேயே மேல்துண்டு கரும்பச்சையாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் கால் வைத்த இடம் மட்டும் செத்துப்போச்சு என்று ஊரே வேலியோரம் வந்து பார்த்துவிட்டுப் போனது. புல்லும் சேர்ந்து கருகியிருக்கிறதே என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் சொன்னார்: "புல்லாலயே தாங்க முடியல, சோளம் எப்படித் தாங்கும்?"

எனக்கு மஞ்சள் விழுந்த அன்றே தெரிந்துவிட்டது. குருத்திலிருந்து தொடங்கும் அந்த மஞ்சளை என்னைவிட யார் அதிகம் பார்த்திருக்கிறார்கள்? ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய், நான் கட்டிய பையை அவிழ்த்துக் குச்சியையும் பிடுங்கி எறிந்தேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லிப் பயனில்லை, அதனால் சொல்கிறேன்.

மாசக்கடைசியில் டூமிசானி வந்தான். எங்கள் பகுதித் தலைவர் இந்தூனா முன்னிலையில் அவன் முற்றத்தில் உட்கார்ந்தோம். மாதூபே பெண்கள் பக்கம் கடைசியில், பாயில், முகத்தைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டூமிசானி கெட்டவன் இல்லை. அண்ணியைப் பேசுவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பினான். "மாசிதோலே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கீழ்த்துண்டுல நட்டது பழைய விதை. அண்ணியே தன் கூரையிலேருந்து எடுத்துக் குடுத்தது. நீ தெரியாம அங்கயும் மருந்து அடிச்சிட்டியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் இரண்டு மகள்களை அந்தத் தொட்டிக் கூலியை வைத்துத்தான் படிக்க வைத்தேன். கை தவறியவள் என்று பெயர் வந்தால் அப்புறம் எவள் தன் காட்டில் என்னை விடுவாள்? இதெல்லாம் அந்த ஒரு மூச்சுக்குள் ஓடியது.

"இல்ல. மேல்துண்டு மட்டுந்தான்," என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மறைந்துவிட்டது.

இந்தூனா அதட்டவில்லை. "பொம்பள பயிரைக் காப்பாத்தத்தான் போயிருக்கா. யாரும் அவளப் பழிக்கக் கூடாது. கருப்பு கழட்டற வரைக்கும் எந்தக் காட்டுலயும், தன் காட்டுலயும் அவ கால் வைக்க வேணாம். அவ காட்டை மத்தவங்க பாத்துக்குங்க," என்றார். அவ்வளவுதான். எனக்கு மூச்சு வந்தது. ஆறு மாசம்தானே, கருப்புத் துணியைக் கழற்றினால் எல்லாம் சரியாகிவிடும், அவளுக்கு என்ன நஷ்டம் என்று கணக்குப் போட்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பழி அவளுக்குள்ளே வேர்விடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் நடை மாறியது. கருப்பு உடுத்தவர்கள் பாதையோரம் நடப்பார்கள். அவள் பாதையையே விட்டுவிட்டுக் கல்லில் நடந்தாள். யார் வீட்டுத் தோட்டம் வந்தாலும் சுற்றிப் போனாள். தன்னால் மாட்டுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று, யாரும் சொல்லாமலே பால் குடிப்பதை நிறுத்தினாள். என் தொட்டியைப் பார்த்தால் கேலி இல்லை. உள்ளே போய்விடுவாள்.

புத்தாண்டுக்கு என் தங்கை மகள் மூன்று மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். மாதூபே எட்டிப் பார்த்தாள். குழந்தை என்றால் பறித்துக்கொள்கிறவள், வாசலோடு நின்றுவிட்டாள்.

"வாங்கிக்கோடி, ஏன் நிக்கற?" என்று குழந்தையை நீட்டினேன்.

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம் மாசிதோலே. நல்லா இருக்குல்ல பிள்ள? இப்படியே நல்லா இருக்கட்டும்."

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனேன். பாயில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். வேலியில் சிக்கிய பை, நான் நட்ட குச்சி, இரண்டாவது தொட்டி, கூட்டத்தில் சொன்ன பொய், எல்லாம். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

மாதூபே என்னையே பார்த்தாள். பிறகு என் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள்.

"நீ நல்லவடி," என்றாள்.

"நல்லவளா? ஏய், புரியுதா நான் சொல்றது? நான்டி கருக்கினேன்! நான்தான்!"

"எனக்காக ஒன் பேரையே கெடுத்துக்கப் பாக்கற. அன்னிக்கு அத்தன பேர் முன்னாடி கேட்டாங்களே. அடிச்சிருந்தா அப்பவே சொல்லியிருப்ப. ஒன்ன எனக்குத் தெரியாதா?"

அந்த வார்த்தையில் நான் எரிந்துபோனேன். இருபத்திரண்டு வருட நம்பிக்கையை வைத்து என்னைப் பூட்டிவிட்டாள். நான் அழுதேன், அவள் என்னைத் தேற்றினாள். இதைவிடக் கேவலம் ஒருத்திக்கு வருமா?

கடைசியில் அவளே மெதுவாகக் கேட்டாள். "பேக்கி அன்னிக்கு என் பக்கத்துலதான் படுத்திருந்தான். நெஞ்சு வலின்னான். நான் அவன் நெஞ்சுல கையை வச்சுத் தேய்ச்சேன் மாசிதோலே. விடிஞ்சா இல்ல. அப்பவே இது என்கிட்ட இருந்திருக்குமோ?"

அந்த மாசக்கடைசி டூமிசானியிடம் போய்ச் சொன்னேன். அவன் நம்பினான். எழுந்து முற்றத்தை இரண்டு முறை சுற்றி வந்தான்.

"அன்னிக்கு ஏன் சொல்லல?" என்றான்.

என் காட்டில் விளைவதில் பாதி அவனுக்கு என்று சொன்னேன். "சோளத்த விடு. அண்ணிக்கு என்ன குடுப்ப?" என்றான். இந்தூனாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று சொன்னேன். ஒரு மாதம் என்னைக் கண்டால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஊர் முழுவதும் நம்பியது, நம்ப வேண்டியவள் மட்டும் நம்பவில்லை. டூமிசானியும் மாஸுலுவும் அவள் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டபோது, "எழுந்திருங்க கொழுந்தனாரே. எல்லாருமா சேர்ந்து பேசி வச்சு என் மனச ஆத்தப் பாக்கறீங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றாளாம். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்த கதை என் கதை.

ஜூனில் வருடம் முடிந்தது. ஆடு வெட்டி, கருப்புத் துணியை எரித்து, பச்சைப் பூப்போட்ட பாவாடை உடுத்தினாள். டர்பனிலிருந்து மகள் வாங்கி வந்தது. எல்லோரும் பாடினோம். நானும் பாடினேன். இனிமேல் சரியாகிவிடும் என்று அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் கலைந்ததும் அவள் தன் காடு வரை நடந்தாள். வரப்பில் நின்றாள். மகள் கையைப் பிடித்து, "வாம்மா, ஒரு அடி வை," என்று இழுத்தாள். மாதூபே கையை விடுவித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டாள்.

நவம்பரில் எனக்கு ஒரு யோசனை வந்தது. கண்ணால் பார்த்தால் நம்புவாள் அல்லவா? அவள் வீட்டுக்குப் பக்கத்தில், வாசலிலிருந்து தெரிகிற இடத்தில் இரண்டு வரிசை நட்டேன். ஒரு வரிசை புது விதை. ஒரு வரிசை அவள் கூரையிலிருந்தே கேட்டு வாங்கிய பழைய விதை. இரண்டும் ஒரே உயரம் வந்தன. நாலு வாரம் ஆனதும் அவளைக் கூப்பிட்டு நிற்க வைத்தேன். அவள் கண் முன்னால் தண்ணீர் வடிகட்டினேன், மருந்து கலந்தேன், இரண்டு வரிசைக்கும் அடித்தேன்.

"நல்லாப் பாத்துக்கோ. நீ உள்ள கால் வைக்கல. தள்ளித்தான் நிக்கற. சரியா?"

"சரி," என்றாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினாள். அவளுக்கும் உள்ளே ஆசை இருந்தது, எனக்குத் தெரிந்தது.

தினமும் காலையில் வந்து தள்ளி நின்று பார்த்தாள். ஐந்தாம் நாள் பழைய விதையின் குருத்து மஞ்சளானது. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. பத்தாம் நாள் ஒரு வரிசை கரும்பச்சை, ஒரு வரிசை பழுப்பு.

"பாத்தியாடி! பாத்தியா? அது மருந்து தாங்கும், இது தாங்காது. கீழ்த்துண்டுல நடந்தது இதுதான். நீ இல்லடி, மருந்து! இப்பவாவது நம்பு!"

மாதூபே குனிந்து, தள்ளி நின்றபடியே கருகிய வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

"இது என் கூரையில தொங்கினது," என்றாள்.

"ஆமா, அதுக்கென்ன?"

"கீழ்த்துண்டுலயும் என் விதைதான். நான் குடுத்ததுதான்." புது விதை வரிசையைக் காட்டினாள். "அது வேற யாரோடதோ. அது பொழைச்சிருக்கு. என்னோடதுதான் கருகுது மாசிதோலே. பேக்கி என்னோடவன்."

விதையை அவள் கூரையிலிருந்து கேட்டு வாங்கியது நான். நம்பிக்கை வரட்டும் என்று கேட்டு வாங்கினேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாவம், எனக்காக எவ்வளவு பாடுபடற. வா, தேநீர் போடறேன்," என்று உள்ளே போனாள். அன்று மாலை கூரையிலிருந்த மிச்சக் கதிரையெல்லாம் இறக்கிக் கோழிக்கு உதிர்த்துப் போட்டுவிட்டாள்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் காட்டில் நான்தான் நடுகிறேன். தொட்டியை அங்கே கொண்டுபோவதில்லை. கொத்துதான். முதுகு ஒடிகிறது, ஒடியட்டும். விளைந்ததை டூமிசானி மூலமாக அனுப்புகிறேன், கடையில் வாங்கியது என்று சொல்லச் சொல்லி; தன் காட்டில் விளைந்தது என்றால் தொடமாட்டாள். அங்கே முளைக்கிற கீரையை மட்டும் நானே கடைந்து எடுத்துப் போகிறேன்.

போன வாரமும் போனேன். தட்டில் களி வைத்து, கீரையை ஊற்றி, முன்னால் வைத்தேன். அவள் களியில் வைத்த விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எந்தக் காட்டுக் கீரைடி?"

"என்னோடது."

"நீ மருந்து அடிக்கிறவளாச்சே. ஒன் காட்டுல கீரை ஏது?"

"வேலியோரம் தப்பிச்சு மொளச்சிருக்கு. சாப்பிடு, ஆறிடும்."

நம்பினாள். என்னிடமிருந்து பொய் வந்தால் உடனே நம்பிவிடுகிறாள், என்றைக்குமே அப்படித்தான். ஒரு கவளம் உருட்டிக் கீரையில் தோய்த்து வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். இன்னொரு கவளம் எடுத்தாள்.

"என் காட்டுக் கீரை மாதிரியே இருக்கு," என்றாள்.

நான் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன்.